எச்சில் இலையும் பாடத்திட்டமும்

சுற்றுச்சூழல் கல்வி என்ற தாளை நான் நடத்த நேர்ந்தது வேலைப்பளுக் கணக்கினால்தான். அந்தப் பருவத்தில் தமிழ்த்துறைக்கு வகுப்புகள் குறைவு. வாரத்தில் இரண்டு மணி நேரம் என் பெயரில் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்த அலுவலகம், இரண்டாமாண்டு வணிகவியல் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுக்கும்படி சொல்லிவிட்டது. இது எங்கள் கல்லூரிக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. நான் அறிந்தவரை சுற்றுச்சூழல் கல்வி என்பது யாருக்கு நேரம் இருக்கிறதோ அவருக்குப் போய்ச் சேரும் பாடம். கணிதக்காரர்களும் வரலாற்றுக்காரர்களும் அதை எடுத்திருக்கிறார்கள். மாணவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். கடைசி வாரத்தில் நகலெடுத்த குறிப்புகளைப் படித்துத் தேறிவிடலாம்.

காற்று மாசுபாடு பற்றிய பாடத்தை ஒரு நாள் கடைசி மணி நேரத்தில் நடத்திக்கொண்டிருந்தேன். பலகையில் நான் கார்பன் மோனாக்சைடு என்று எழுதிய அதே நேரத்தில் சன்னல் வழியாகப் புகை வந்தது. வளாகத்தில் கூட்டிய சருகுகளை மாலையில் வாகை மரத்தடியில் குவித்துக் கொளுத்துவது அன்றாட வழக்கம். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். வகுப்பு தொடர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் புகையும் சன்னலில் வரும் புகையும் ஒன்று என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்வதானால், அன்று அறைக்குத் திரும்பி நடக்கும்வரை எனக்கும் தோன்றவில்லை.

இந்தத் தாள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கற்பிக்கப்பட வேண்டும் என்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2003 டிசம்பரில், நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்ட பிறகே பல்கலைக்கழக மானியக் குழுவின் பாடத்திட்டம் எல்லாக் கல்லூரிகளிலும் கட்டாயமாகியது. எட்டு அலகுகள், ஐம்பது மணி நேரம். அதில் களப்பணிக்கு ஐந்து மணி நேரம். நூறு மதிப்பெண்ணில் களப்பணிக்கு இருபத்தைந்து. நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்ட திட்டம்தான். பின்னர் அது திருத்தங்களும் கண்டுவிட்டது. ஆனால் அந்த முதல் திட்டத்தின் களப்பணிப் பகுதியில் இருந்த வினைச்சொற்களை மட்டும் கவனியுங்கள். ஆற்றையோ காட்டையோ மலையையோ சென்று பார்த்து ஆவணப்படுத்துவது, மாசடைந்த ஓரிடத்தைச் சென்று பார்ப்பது, செடிகொடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் ஆராய்வது. எல்லாம் கண்ணின் தொழில்கள். கைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மாசு என்பது பேருந்தில் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டிய வேறெங்கோ உள்ள பொருள். விடுதிச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் நீல நிற டிரம்மை எட்டிப் பார்க்கும்படி அந்தத் திட்டம் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த டிரம்மிலிருந்துதான் நாங்கள் தொடங்கினோம். வாகை மரத்தடிச் சருகையும் விடுதி எச்சிலையும் சேர்த்து மக்கவைப்பது, அதையே களப்பணியாகக் கணக்கில் கொள்வது என்று முடிவு. அனுமதி கிடைத்த விதம், அதற்கு நடந்த நடை எல்லாம் வேறு கதை. விளையாட்டுத் திடலுக்கு அப்பால் ஒரு மூலை கிடைத்தது, அவ்வளவுதான்.

*

முதல் மாதம் முழுத் தோல்வி. நான் புத்தகம் பார்த்துச் செய்தேன். குழி வெட்டினோம், விடுதிக் கழிவைக் கொட்டினோம், மண்ணால் மூடினோம். ஐந்தாம் நாளே புளித்த கஞ்சியின் வாடை திடலைத் தாண்டி வந்தது. பத்தாம் நாள் அது அழுகிய முட்டையின் வாடையாக மாறியது. புழு நெளிந்தது. கரப்பந்தாட்ட அணியினர் முதல்வரிடம் எழுத்தில் புகார் கொடுத்தார்கள். மாணவர்களில் பாதிப்பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். எஞ்சியவர்களும் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு எட்டி நின்றார்கள்.

சருகு கூட்டும் அம்மா ஒருவர் தினமும் அந்த வழியாகப் போவார். நாங்கள் படும் பாட்டை இரண்டு வாரம் பேசாமல் பார்த்துவிட்டு ஒரு நாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: “சோத்துத் தண்ணிய வடிக்காமக் கொட்டுனா நாறாம என்ன சார் செய்யும்? எங்க ஊர்ல குப்பக்குழியில ஈரமும் காய்ஞ்சதும் மாத்தி மாத்தித்தான் போடுவோம். இதையும் இப்படிப் போட்டு மூடிட்டா அது எப்படி மூச்சு விடும்?”

மூச்சு விடுவது என்று அவர் சொன்னதைத்தான் புத்தகம் ஆக்சிஜன் உள்ள சூழலில் நிகழும் சிதைவு என்கிறது. சோறும் சாம்பாரும் நீர் மிகுந்தவை. அவை தம் எடையாலேயே அமுங்கிக் காற்றில்லாத கூழாகிவிடும். காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் வேறு. அவை தரும் பொருள்கள்தாம் அந்த வாடை. குவியலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு இருபத்தைந்து முதல் முப்பது பங்கு வரை கார்பன் இருக்க வேண்டும். ஈரம் பாதிக்குச் சற்று மேல் இருக்கலாம். கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் கசிய வேண்டும், சொட்டக்கூடாது. கார்பன் எங்கே இருக்கிறது? தினமும் மாலையில் எரித்துக்கொண்டிருந்தோமே, அந்தச் சருகில். ஒரு வாளி எச்சிலுக்கு இரண்டு மூன்று வாளிச் சருகு என்று அளவு மாற்றினோம். சோற்றுத் தண்ணீரைக் கண்ணுள்ள கூடையில் வடித்தோம். குழியை விட்டுத் தரைக்கு மேல் குவித்தோம். வாரத்துக்கு ஒரு முறை மண்வெட்டியால் புரட்டினோம். நான்கே நாளில் வாடை நின்றது.

அதன்பின் நடந்தது எந்த விரிவுரையாலும் நடக்காதது. குவியலின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வைத்திருந்தோம். இது பழைய முறை, வெப்பமானி தேவையில்லை. அதை உருவித் தொட்ட மாணவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். “சார், சுடுது” என்றான். நன்றாக அமைந்த குவியல் அறுபது பாகை செல்சியஸ் வரை போகும் என்று நான் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தேன், அவர்கள் எழுதியும் வைத்திருந்தார்கள். அடியில் நெருப்பு இல்லை, மேலே வெயில் இல்லை, முந்தாநாள் தட்டில் மிச்சம் வைத்த சோறு கம்பியைச் சுடவைக்கிறது. அன்று எல்லோரும் வரிசையில் நின்று அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள். கைக்குட்டைகள் எப்போது கழன்றன என்று எனக்கு நினைவில்லை.

தமிழ்த்துறைக்காரன் என்பதால் ஒரு சொல் விஷயம். நாம் இன்று குப்பை என்றால் வேண்டாதது என்று மட்டுமே பொருள் கொள்கிறோம். கிராமத்தில் வயலுக்குக் குப்பை அடிப்பது என்றால் எரு கொண்டுபோய்க் கொட்டுவது. ஒரு வண்டிக் குப்பைக்கு விலை உண்டு, கடன் உண்டு, அதற்காக அண்ணன் தம்பி சண்டையும் உண்டு. உழவதிகாரத்தில் வள்ளுவரே ஏரோட்டுவதைவிட எருவிடுவதை உயர்த்திப் பேசுகிறார். நகரத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லின் ஒரு பாதி உதிர்ந்துவிட்டது. இன்னொன்று: மட்குதல்தான் பேச்சில் மக்குதல் ஆயிற்று. பாடம் ஏறாத பிள்ளையை மக்கு என்று திட்டும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ, அந்தக் குவியலருகே நின்றபோது அது நல்ல வசவாக எனக்குப் படவில்லை.

*

இந்த அறிவு ஒன்றும் நேற்று வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல என்று சிலர் உடனே சொல்வார்கள். இதையெல்லாம் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்ற பெருமிதப் பேச்சு எனக்கு ஒவ்வாதது. ஆனால் இந்த விஷயத்தில் வரலாறு சற்றுச் சுவையானது. இன்று உலகெங்கும் இயற்கை வேளாண்மைக்காரர்கள் போற்றும் ஆல்பர்ட் ஹோவர்ட், 1905இல் பூசாவுக்கு வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர். இந்திய உழவர்களையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தன் பேராசிரியர்களாகக் கொண்டதாகச் சொன்னவர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது, யஷ்வந்த் வாட் என்ற உடனுழைப்பாளருடன் சேர்ந்து, பண்ணைக் கழிவு, சாணம், மூத்திர மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, புரட்டி, சுமார் மூன்று மாதங்களில் மக்கவைக்கும் முறையை வகுத்தார். அதற்குச் சீன உழவர்களின் வழக்கமும் ஒரு முன்மாதிரி. இருவரும் 1931இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே கழிவு என்ற சொல் இருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, நகரக் கழிவுக்காகப் பெங்களூர் முறை என்று பெயர்பெற்ற வேறொரு முறையை ஆச்சார்யா என்பவர் உருவாக்கியது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில். அதாவது ஓர் உயர்கல்வி வளாகத்தில்தான் அது பிறந்தது. நம் காலத்திலும் சென்னை புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் இஸ்மாயில், நம் மண்ணுக்குரிய மண்புழுக்களைக் கொண்டே உரம் செய்யலாம் என்று பல்லாண்டுகள் செய்து காட்டினார். ஆக, கல்லூரிக்கும் எருக்குழிக்கும் உறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆராய்ச்சியாக அது உள்ளே வந்திருக்கிறது. அன்றாடமாகத்தான் வரவில்லை.

அன்றாடமாக வந்த இடங்கள் இரண்டை நான் அறிவேன். இரண்டும் தாகூரின் நிலத்தில், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில்.

1915 மார்ச்சில் காந்தி சாந்திநிகேதனில் இருந்தார். தென்னாப்பிரிக்காவின் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளைகள் அதற்கு முன்பே அங்கே தங்கியிருந்தார்கள். சமையல்காரர்களையும் வேலைக்காரர்களையும் நிறுத்திவிட்டு, மாணவர்களும் ஆசிரியர்களுமே சமைப்பது, துலக்குவது, சுத்தம் செய்வது என்று ஒரு சோதனையைக் காந்தி முன்மொழிந்தார். தாகூர் தடை சொல்லவில்லை. ஆசிரியர்கள் ஒப்பினால் செய்யட்டும் என்றார். மார்ச் 10 அன்று அது தொடங்கியது. பாத்திரம் துலக்குவோரின் அலுப்புப் போக, பக்கத்தில் அமர்ந்து சிலர் சிதார் வாசித்தார்கள் என்று காந்தி தன் சத்திய சோதனையில் எழுதுகிறார். (இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் பொறாமையும் ஒருசேர வரும். எங்கள் குவியலருகே கைப்பேசியில் திரைப்பாடல்தான் ஒலித்தது.) சில காலத்தில் சோதனை நின்றுபோனது. ஆனால் அந்தத் தேதி நின்றுவிட்டது. காந்தி புண்யாஹம் என்ற பெயரில் மார்ச் 10 ஒவ்வோராண்டும் விசுவபாரதியில் கொண்டாடப்படுகிறது. அன்று பணியாளர்களுக்கு ஓய்வு, மாணவர்களும் ஆசிரியர்களும் துப்புரவு செய்கிறார்கள். அழகான சடங்கு. ஆனால் சடங்கு. மறுநாள் காலை துடைப்பம் யார் கைக்குத் திரும்புகிறது என்பதை அந்த நாள் மாற்றுவதில்லை.

இரண்டாவது இடம் பக்கத்திலேயே உள்ள சுருல். 1922 பிப்ரவரியில் தாகூர் அங்கே கிராமப் புனரமைப்பு நிலையத்தைத் தொடங்கினார். பின்னால் அது ஸ்ரீநிகேதன் என்று அறியப்பட்டது. பொறுப்பேற்றவர் லெனர்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற இளம் ஆங்கிலேயர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். உடன் சென்றவர்கள் விசுவபாரதியின் மாணவர்கள் ஒரு சிலர், பெரும்பாலும் மேல்சாதி வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு அங்கே கிடைத்த முதல் பாடங்களில் ஒன்று, தம் கழிவறை வாளியைத் தாமே தூக்கிச் சென்று, தோட்டத்தில் வெட்டிய அகழியில் கொட்டி மண் மூடுவது. அந்த மண்ணில்தான் காய்கறி போடுவது. பிள்ளைகள் முதலில் திகைத்தார்கள். எல்ம்ஹர்ஸ்ட் வற்புறுத்திச் சொற்பொழிவு ஆற்றவில்லை. வாளியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

சாந்திநிகேதனின் சோதனை சடங்காகி உயிர்வாழ்ந்ததற்கும், சுருலின் வாளி வேலையோடு வேலையாகக் கரைந்ததற்கும் உள்ள வேறுபாடுதான் நம் கல்லூரிகள் முன் இன்று உள்ள தேர்வு. நாம் எதைத் தேர்ந்திருக்கிறோம் என்பதற்குச் சூன் 5ஆம் தேதி வரும் நாளிதழ்ப் படங்களே போதும். ஒரு மரக்கன்று, அதைப் பிடித்திருக்கும் பதினான்கு கைகள்.

*

நான் இதுவரை எழுதியதை வைத்து, எல்லா மாணவர்களையும் எருக்குழிக்கு அனுப்பிவிட்டால் ஆயிற்று என்கிறேன் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணினேன். சுழற்சி முறையில் எல்லோருக்கும் டிரம் தூக்கும் முறை வைத்தேன். சமத்துவம் என்று அதற்கு மனதில் பெயரும் வைத்திருந்தேன்.

இரண்டாவது ஆண்டு ஒரு மாணவன் வரவே இல்லை. கேட்டபோதெல்லாம் காய்ச்சல் என்றான். நான்காம் முறை தனியே அழைத்து, களப்பணி மதிப்பெண் போய்விடும் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “எங்கப்பா நகராட்சியில குப்பை அள்ளுறார் சார். தாத்தாவும் அதுதான். நான் இதுக்கு வரக்கூடாதுன்னுதான் என்னை இங்க அனுப்பியிருக்கார்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. பின்பு, என் அறியாமைக்கு நானே வெட்கப்படும்படி, ஒரு சமரசம் சொன்னேன். நீ டிரம்மைத் தொட வேண்டாம், கம்பியின் சூட்டைக் குறித்து வைத்தால் போதும் என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். “அப்போ ஏன் எனக்கு மட்டும் அந்த வேலைன்னு எல்லாரும் கேப்பாங்கல்ல சார்?” என்றான்.

அவன் சொன்னது முழுக்கச் சரி. ஒரே டிரம்தான். அதைத் தூக்கும்போது ஒருவனுக்குப் புதிய அனுபவம் கிடைக்கிறது, இன்னொருவனுக்குப் பழைய விலங்கு திரும்புகிறது. வசதியான வீட்டுப் பெண் மண்வெட்டியோடு எடுத்துக்கொண்ட படத்தைத் தோழிகளுக்கு அனுப்பினாள். அவள் தகப்பனார் பெருமைப்பட்டிருப்பார். இந்தப் பையனின் தகப்பனார் அப்படி ஒரு படத்தைப் பார்த்தால் என்ன நினைத்திருப்பார்? தமிழில் எச்சில் என்ற சொல்லுக்கு நாம் வெறும் உமிழ்நீர் என்று பொருள் கொள்வதில்லை. தொட்டது, தீண்டியது, இனி இன்னொருவர் எடுக்க வேண்டியது என்ற முழு ஏற்பாடும் அதில் இருக்கிறது. எச்சில் இலையை எடுப்பது யார் என்பது நம் ஊரில் சுகாதாரக் கேள்வியாக இருந்ததே இல்லை. நகராட்சித் துப்புரவுப் பணிக்கு எந்தச் சமூகங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பது ஒன்றும் இரகசியமில்லை. நூறு பேரைச் சமமாகக் குவியலுக்கு அனுப்பும் ஆசிரியர் இந்த வரலாற்றைச் சமமாகப் பங்கிடுவதில்லை.

அந்த மாணவனை நான் மேற்கொண்டு அழைக்கவில்லை. களப்பணிக்கு வேறொன்று செய்துதரச் சொன்னேன். கண்மாய்ப் பறவைகளைப் பற்றி எழுதிக்கொடுத்தான். மதிப்பெண் கொடுத்தேன். அவன் மனம் மாறி ஒரு நாள் மண்வெட்டியோடு வந்தான் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். அவன் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்றும் இப்போது நான் கருதவில்லை.

ஆனால் இதிலிருந்து எருக்குழியே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் போகவில்லை. அவன் மறுத்ததற்கான காரணமே, மற்றவர்கள் ஏன் வந்தாக வேண்டும் என்பதற்கான காரணமும் ஆகும். நான் மாற்றியது வரிசையைத்தான். முதலில் தூக்க வேண்டியது மாணவர் அல்லர். மறு ஆண்டு முதல் இரண்டு வாரம் டிரம்மை நானும் விடுதிக் காப்பாளரும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் தூக்கினோம். பிறகே பட்டியல் போட்டோம், அதுவும் விரும்பியவர்களைக் கொண்டு. முந்தைய ஆண்டுகளைவிட அதிகம் பேர் பெயர் கொடுத்தார்கள். சருகு கூட்டும் அம்மாவை வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் வந்து சொல்லித்தரும்படி கேட்டோம். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சிறப்புரையாளர் என்ற தலைப்பில் மதிப்பூதியம் வழங்கக் கோரினேன். சிறப்புரையாளருக்குக் குறைந்தபட்சக் கல்வித்தகுதி வேண்டும் என்று கோப்பு திரும்பி வந்தது. நாங்கள் நான்கு பேரும் பங்கிட்டுக் கொடுத்தோம். அவர் முதலில் வாங்க மறுத்தார். எங்களை எந்தப் பெயர் சொல்லி அழைப்பது என்ற குழப்பம் அவருக்கு இருந்ததுபோல், அவரை எப்படி அழைப்பது என்ற குழப்பம் மாணவர்களுக்கு இருந்தது. சிலர் ஆயா என்றார்கள். ஒரு பெண் மட்டும் “டீச்சர்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மாவும்தான். ஆனால் அந்தப் பெண் கடைசிவரை அப்படியே அழைத்தாள்.

*

எதிர்வாதங்கள் உண்டு. மாணவர்கள் படிக்க வந்தவர்கள் என்பது ஒன்று. உயிரியல் மாணவன் நுண்ணுயிரைக் குவியலில் படிக்கலாம், வேதியியல் மாணவன் அமிலத்தன்மையை அளக்கலாம், வணிகவியல் மாணவன் விடுதியில் தினமும் வீணாகும் அரிசியின் விலையைக் கணக்கிடலாம் என்பதே அதற்குப் பதில். எங்கள் வணிகவியல் பிள்ளைகள் போட்ட கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் விடுதியில் இரவு உணவுக்கு எத்தனை பேர் என்று பிற்பகலிலேயே கேட்டறியும் பழக்கம் வந்தது. உரம் செய்வதைவிட அது பெரிய வெற்றி. நல்ல எருக்குழி கடைசியில் தனக்கு வரும் தீனியைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம்.

இரண்டாவது வாதம், இதற்கெல்லாம் இப்போது இயந்திரம் வந்துவிட்டது என்பது. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் நிறுவனங்களைப் பெரு உற்பத்தியாளர்கள் என வகைப்படுத்தி, மக்கும் கழிவை இயன்றவரை தம் வளாகத்துக்குள்ளேயே கையாளச் சொன்னபின், இந்த இயந்திரங்கள் கல்லூரிகளுக்குள் வேகமாக நுழைந்தன. இருபத்து நான்கு மணி நேரத்தில் உரம் என்று விளம்பரம் சொல்லும். இவற்றில் பல உண்மையில் செய்வது மின்சாரத்தால் சூடாக்கி, உலர்த்தி, அரைப்பது. வெளியே வருவது உரமல்ல, காய்ந்த சோற்றுத்தூள். தண்ணீர் பட்டதும் விட்ட இடத்திலிருந்து அழுகத் தொடங்கும். மக்குவதற்கு ஆகும் இரண்டு மூன்று மாதத்தை எந்தப் பொத்தானும் குறைத்துவிடாது. பருவத் தேர்வுகளுக்கு இடையே ஓடும் பிள்ளைகள் தம்மால் அவசரப்படுத்த முடியாத ஒன்றின் அருகே இருக்கக் கற்பதும் இந்தப் பாடத்தின் பகுதி.

மூன்றாவது, இந்தச் சிறு குவியலால் உலகம் மாறிவிடுமா என்ற வழக்கமான கேள்வி. மாறாது. சென்னையின் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல பத்தாண்டுகளாகக் குவிந்த மலைகளின் முன் ஒரு விடுதியின் டிரம் ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கே சேரும் சோறும் காய்கறித்தோலும் காற்றின்றி அழுகி மீத்தேனாகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ இருபத்தெட்டு மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு நாள்கணக்கில் எரிந்தபோது அந்தப் புகையை நுகர்ந்தவர்கள் யாரும் அந்தக் குப்பையைத் தனியாக உண்டாக்கியவர்கள் அல்லர். எங்கள் வகுப்புச் சன்னலைச் சாத்திய பெண்ணைப்போல, சாத்துவதற்குச் சன்னல் உள்ளவர்கள் சாத்திக்கொண்டார்கள்.

எங்கள் குவியல் ஐந்து ஆண்டுகள் நடந்தது. பின்பு அந்த மூலையில் இருசக்கர வாகனக் கொட்டகை வந்தது. வேறு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற இன்னும் சில பருவங்கள் உள்ளன, ஆகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொட்டகைக்காக இடத்தைக் காலி செய்த நாளில் முற்றிலும் மக்கிய எரு பன்னிரண்டு மூட்டை தேறியது. தோட்டத்துக்குப் பத்து போக, இரண்டை அந்த அம்மா தன் வீட்டு முருங்கைக்கும் மல்லிகைக்கும் கேட்டார். சைக்கிளில் கட்டி வாயிலுக்கு அனுப்பினோம். காவலாளி நிறுத்திவிட்டார். கல்லூரிச் சொத்தை வெளியே கொண்டுபோக அலுவலகச் சீட்டு வேண்டுமாம். அத்தனை ஆண்டுகளில் அது சோறாக, சருகாக லாரியில் ஏறிப் போனபோது ஒருவரும் சீட்டுக் கேட்டதில்லை. அலுவலகத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் படிவத்தை எடுத்தார். பொருளின் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இருவரும் யோசித்தோம். உரம் என்று எழுதினால் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், விலை குறிக்க வேண்டும், முதல்வரின் ஒப்புதல் வேண்டும் என்றார். கடைசியில் ‘குப்பை, 2 மூட்டை’ என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.